வெள்ளைச் சாயத்தில் ஐந்து

அலெந்தேஜோவில் ஜூலை மாதம்.
வெயிலுக்கு முந்திக்கொள்ள
இருட்டிலேயே லாரி எங்களைக் காட்டில் இறக்கிவிடும்.
பெல்மிரோவுக்கும் அடெலினோவுக்கும் கோடரி.
எனக்கு ஒரு தகர டப்பா, ஒரு தூரிகை.
தக்கை மரத்தை அவர்கள் உரித்து முடித்ததும்
சிவந்து ஈரமாய் நிற்கும் உடம்பில்
ஆண்டின் கடைசி இலக்கத்தை எழுதுவேன்.
இந்த ஆண்டு ஐந்து.
ஐந்து என்றால்,
ஒன்பது வருஷம் இதைத் தொடாதே.

என் வயிற்றுக்கு மூன்று நாள்தான் தவணை.
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி இடப்பக்கம்,
அடுத்து வலம், அப்புறம் இடுப்பு மடிப்பு, அப்புறம் தொடை.
வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில்
ஒரு வருஷம் குத்தினேன்.
கல் மாதிரி இறுகிவிட்டது.
ஊசி உள்ளே போகும், மருந்து போகாது.
அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன், இன்னும்.

மூன்று ஏழுக்குள் அடங்காத எண்.
அதனால் எனக்கென்று ஒரு கிழமை கிடையாது.
ஞாயிறு, புதன், சனி, செவ்வாய்
என்று நழுவிக்கொண்டே போகும்.
முந்தின இரவே குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவைக்க வேண்டும்.
சில்லென்று ஏற்றினால் குழாயில் குமிழி கட்டும்.
பென்சிலால் தட்டு.
மேலே வரட்டும்.
ஊசி நுனியில் ஒரு சொட்டு தெரியும்வரை ஓட்டு.
சமையலறை முழுக்க ஆஸ்பத்திரி வாசம்,
பழைய பேண்ட்-எய்டைப் பிரித்த மாதிரி.
கையில் ஒட்டியிருக்கும் சென்சாருக்குப் பத்து நாள்.
புதிதை ஒட்டினால் இரண்டு மணி நேரம்
திரையில் வெறும் கோடு.
அந்த இரண்டு மணி நேரமும்
என்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது,
எனக்கும்கூட.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அலறியது.
இருநூற்றுத் தொண்ணூறு. மேல் நோக்கி இரண்டு அம்பு.
விரலைக் குத்திப் பார்த்தேன்: நானூற்று எண்பது.
நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது.
பிறகுதான் ஞாபகம் வந்தது, அத்திப்பழம் உரித்த விரல்.
கழுவிவிட்டுக் குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.
சரி, இது பழம் இல்லை. இது நிஜம்.

லாரியின் பின்பலகையை இறக்கி உட்கார்ந்தேன்.
வேர்வையில் பிளாஸ்திரி பாதி கழன்றிருந்தது.
உரித்து இழுத்தால்,
உள்ளே போயிருந்த மெல்லிய குழல்
தூண்டில் முள் மாதிரி மடங்கி வந்தது.
காலையிலிருந்து மருந்து என் சட்டைக்குத்தான் போயிருக்கிறது.

"அடெலினோ, இந்தக் காகிதத்தை ஓரத்துல பிடி.
நடுவுல விரல் படக் கூடாது."

மரத்தில் ஏணியில்லாமல் ஏறுகிறவன்.
கோடரியைத் தாய்ப்பட்டைக்கு ஒரு மயிரிழை முன்னால்
நிறுத்தத் தெரிந்தவன்.
என் பையிலிருந்து வந்த ஊசியைப் பார்த்ததும்
கண்ணை இறுக மூடிக்கொண்டான்.
கையெல்லாம் மரச்சாற்றுக் கறுப்பு,
காகிதம் மட்டும் படபடவென்று ஆடியது.
"முடிஞ்சுதா?"
"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."
பெல்மிரோ சிரித்துச் சிரித்துத் தண்ணீர் சிந்தினான்.

துடை. காயட்டும். ஊதாதே,
வாய்க்காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே போகும்.
க்ளிக்.
கோடரி சரியாக இறங்கும்போது
உள்ளீடற்ற ஒரு சத்தம் வரும், தக்கை விட்டுக்கொடுக்கும் சத்தம்.
இது அப்படியில்லை.
பேனா மூடி மூடுகிற மாதிரி அற்பமான ஓசை.
பிளாஸ்திரி மேல் தேதி எழுத மார்க்கரைத் தேடினேன்.
கிடைக்கவில்லை.
தூரிகையின் வால்முனையைச் சாயத்தில் தோய்த்து
ஒரு சின்ன ஐந்து போட்டேன்.
தேதி பதினாறு. இருந்தாலும் ஐந்துதான் வந்தது,
கைப்பழக்கம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நூற்று எண்பது, அம்பு கீழே.
மூவரும் உரித்த பட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தோம்.
இந்த மரங்களுக்கு மறுபடி கோடரி வருவதற்குள்
நான் ஆயிரத்துக்கு மேல் தடவை குத்தியிருப்பேன்.
மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு
யாரிடமும் சொல்லவில்லை.

"அடுத்தது எப்போ, லியோனில்டே?" என்றான் அடெலினோ.
"சனிக்கிழமை."
"சனிக்கிழமை லீவாச்சே."
"ஆமா," என்றேன்,
தண்ணீர்க் குப்பியைத் திறந்துகொண்டே.